யாருக்குச் சொன்ன பதில் இது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அரசியல் தத்துவம் பற்றிய கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். ஒருவர் கணக்காளர், ஒருவர் செவிலியர், மற்றவர்களும் தத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருப்பவர்கள். வாரம் ஒருநாள் கூடி அரசியல் சிந்தனையாளர்களைப் பற்றிப் பேசலாம் என்று ஆரம்பித்தோம். இப்போது ஒருவர் குறிப்பெடுத்து வந்து வாசிக்கிறார், மற்ற நாலு பேரும் கொட்டாவி விடுகிறோம். லாக் என்றால் இயற்கை உரிமை, ஹாப்ஸ் என்றால் சர்வாதிகாரம், ரூசோ என்றால் பொது விருப்பம். இதற்கு மேல் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் வாசிப்பதெல்லாம் பதில்கள். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்பது குறிப்பெடுக்கும்போது விட்டுப்போயிருக்கிறது, கொட்டாவி வருவது அதனால்தான். காலிங்வுட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1939-ல் வெளிவந்த தன் வரலாற்றில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறார்: ஒருவர் எழுதிய வாக்கியத்தை எத்தனை தடவை படித்தாலும், அவர் எந்தக் கேள்விக்குப் பதிலாக அதை எழுதினார் என்று தெரியாதவரை அவர் என்ன சொல்கிறார் என்று நமக்குத் தெரியாது. எனக்கு இதைவிடப் பயன்பட்ட அறிவுரை இந்தத் துறையில் வேறில்லை.

17-ம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கையே எடுத்துக்கொள்வோம். மனிதர்கள் பிறப்பில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், தங்கள் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் அதிகாரத்துக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்கிறார். இன்றைக்குக் கேட்டால் 'சரி, இதில் என்ன புதுசு' என்றுதான் இருக்கும். இப்போது ராபர்ட் ஃபில்மரை உங்கள் அறைக்குள் கூட்டிவாருங்கள். கடவுள் ஆதாமைப் படைத்தார், பிள்ளைகள் மேல் முழு அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்தார், அந்த அதிகாரம்தான் வழிவழியாக இறங்கி அரசர்களிடம் வந்திருக்கிறது, ஆகவே எவனும் சுதந்திரமாகப் பிறப்பதில்லை, தகப்பனுக்குக் கீழ்ப்பட்டே பிறக்கிறான், அரசன்தான் அந்தத் தகப்பன் என்று எழுதியவர் அவர். 1653-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய புத்தகம் அச்சுக்கு வந்தது 1680-ல். ஏன் 1680? இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸுக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை, அடுத்து வரவேண்டிய தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர், அவரை விலக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு கூட்டம் விடாப்பிடியாக நின்றது. அரசுரிமை கடவுள் தகப்பனுக்குக் கொடுத்தது என்றாகிவிட்டால் அதைத் தூக்கிக் கொடுக்கவும் பறிக்கவும் நாடாளுமன்றம் யார்? அரச விசுவாசிகளுக்கு அந்த நேரத்தில் இதைவிடக் கைக்கு அடக்கமான புத்தகம் கிடைத்திருக்காது.

அடுத்த வாரம் உங்களில் நன்றாக வாதாடத் தெரிந்தவர் ஃபில்மராக உட்காரட்டும், அதுவும் கிண்டல் செய்யாமல், உண்மையாகவே ஃபில்மர் பக்கம் நின்று. 'நீ பிறந்த நாட்டுக்கு நீ சம்மதம் கொடுத்தாயா? எந்தத் தேதியில் கொடுத்தாய்?' என்று அவர் கேட்கட்டும். பதில் சொல்லிப் பாருங்கள், சம்மதம் என்கிற கருத்து எவ்வளவு வழுக்கலானது என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் லாக்கின் பதிலுக்கு வாருங்கள். சரி, ஆதாமுக்கு அப்படி ஒரு அதிகாரம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், இன்றைக்கு ஆதாமின் நேர் வாரிசு யார் என்று காட்ட முடியுமா? வாரிசு ஒருவர்தான் என்றால் உலகத்தில் மற்ற அரசர்கள் அத்தனை பேரும் போலிகளா? அதோடு விவிலியக் கட்டளை 'தந்தையையும் தாயையும்' மதிக்கச் சொல்கிறது, தாயை எங்கே காணோம் என்றும் கேட்கிறார். 17-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு வாதம், தாய்க்கும் சம பங்கு உண்டே என்ற இடத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. அங்கே நிச்சயம் உங்கள் செவிலியர் நண்பருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. அதே ஃபில்மரை மறுத்து அல்ஜெர்னன் சிட்னி என்பவரும் எழுதிக்கொண்டிருந்தார், அச்சாகாத கையெழுத்துப் பிரதி. அவர்மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டும், கிடைத்தது ஒன்றுதான். மேசையில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதியையே இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டு 1683-ல் தலையை வெட்டினார்கள். லாக் அந்த ஆண்டுதான் ஹாலந்துக்குத் தப்பினார். பின்னால் ஆட்சி மாறி, ஃபில்மருக்கு மறுப்பாக அவர் எழுதிய 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' என்ற நூல் வெளிவந்தபோதும் அதில் தன் பெயரைப் போடவில்லை, 1704-ல் சாவதற்குக் கொஞ்சம் முன்பு உயிலில்தான் ஒப்புக்கொண்டார். 'சம்மதம்' என்று இப்போது நாம் சாதாரணமாகச் சொல்கிற சொல்லை எழுதிவைப்பதற்கு அன்றைக்கு இருந்த விலை அது.

இன்னொன்றும் உண்டு. அந்த ஜேம்ஸை அரியணையிலிருந்து இறக்கிய 1688 புரட்சிக்குப் பிறகு அதை நியாயப்படுத்தத்தான் லாக் அந்த நூலை எழுதினார் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பீட்டர் லாஸ்லெட் என்ற கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் 1960-ல் கொண்டுவந்த பதிப்பில், பெரும்பகுதி அதற்குப் பல ஆண்டு முன்பே, அந்த வாரிசுச் சண்டை நடக்கும்போதே எழுதப்பட்டது என்று ஆதாரங்களோடு காட்டினார். ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் முடிந்துபோன புரட்சிக்கு எழுதிய வக்காலத்தாக இருந்தது, இனி நடக்கவேண்டிய ஒன்றுக்கான அழைப்பாக ஆகிவிட்டது. சிந்தனை வரலாறு என்று தனியாக ஒரு துறை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஹாப்ஸுக்கும் இதே வழிதான். 'சர்வாதிகாரம்' என்று எழுதிவைத்திருப்பதை அடித்துவிட்டு, உள்நாட்டுப் போர் நடந்து, 1649-ல் அரசரின் தலையையே வெட்டிய தன் நாடான இங்கிலாந்தைப் பாரிஸில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடவுள் எங்கள் பக்கம் என்று இரண்டு தரப்பும் ஆயுதத்தோடு நிற்கும்போது தீர்ப்புச் சொல்வது யார் என்பதுதான் அவர் கேள்வி. எல்லோரும் ஒரே அதிகாரத்துக்குக் கட்டுப்படவேண்டும் என்பது பிடிக்காத பதிலாக இருக்கலாம், எனக்கும் முழுக்கப் பிடிக்காது, ஆனால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

கேள்வி: ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

பதில்: ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-ல் எழுதிய 'சுதந்திரம் பற்றி'. அதிலும் இரண்டாவது அத்தியாயம். தன் பக்கத்து வாதம் மட்டும் தெரிந்தவனுக்கு அதுவும் சரியாகத் தெரியாது என்று அவர் வாதாடுகிற இடத்தில் நிறுத்தி நாலு நாள் யோசிக்கலாம்.

கேள்வி: அரசியல் பேச ஆரம்பித்தாலே சண்டையில்தான் முடிகிறது. போன மாதம் இருபது வருட நண்பன் ஒருவன் பேச்சை நிறுத்திவிட்டான். நட்போடு தத்துவம் பேசுவதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: பிளேட்டோவின் 'குடியரசு' எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நீதி என்றால் என்ன என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ஒரு துறைமுக ஊரில், செபலஸ் என்ற பெரியவர் வீட்டில் பேச்சு. முதுமை எப்படி இருக்கிறது ஐயா என்று சாக்ரடீஸ் கேட்கிறார், பெரியவர் மனம்விட்டுச் சொல்கிறார். பணம் உங்களுக்கு எந்த வகையில் உதவியாக இருந்தது என்று அடுத்த கேள்வி. யாரையும் ஏமாற்றாமல், யாருக்கும் கடன் வைக்காமல் போய்ச் சேரலாமே என்கிறார் அவர். அப்போதுதான் சாக்ரடீஸ் கேட்கிறார்: நண்பர் ஒருவர் நல்ல புத்தியோடு இருக்கும்போது உங்களிடம் ஆயுதம் கொடுத்து வைத்திருந்தார், இப்போது புத்தி பேதலித்த நிலையில் வந்து கேட்கிறார், கொடுப்பீர்களா? வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி என்றால் கொடுக்கவேண்டும். கொடுக்கலாமா?

எவ்வளவு சின்ன இடத்திலிருந்து எவ்வளவு பெரிய பேச்சு கிளம்புகிறது! அப்புறம் திராசிமாக்கஸ் என்பவர் கோபத்தோடு பாய்ந்து வருகிறார். நீதியாவது ஒன்றாவது, வலுத்தவனுக்கு லாபமானது எதுவோ அதற்குப் பெயர்தான் நீதி என்று அடித்துச் சொல்கிறார். சாக்ரடீஸ் அவர் குணத்தைப் பற்றி வாதாடவில்லை. ஆள்பவர்கள் தப்பு செய்வதுண்டா என்று மட்டும் கேட்கிறார். உண்டு என்கிறார் அவர். அப்படியானால் தங்களுக்கே கெடுதலான சட்டத்தையும் தெரியாமல் போட்டுவிடுவார்கள் இல்லையா, அதற்குக் கீழ்ப்படிவதும் நீதியா? அங்கே பிடி இறுகுகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வெகுநேரம் கழித்து, ஆறாம் பகுதியில் வருகிற ஒரு வரி. எனக்கும் திராசிமாக்கஸுக்கும் சண்டை மூட்டிவிடாதே, இப்போதுதான் நண்பர்களாகியிருக்கிறோம் என்று சாக்ரடீஸ் இன்னொருவரிடம் சொல்கிறார். அவ்வளவு கத்திய மனிதர் எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் நண்பரோடு எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்று ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இருவருமே ஏற்கெனவே ஒரு பக்கம் நின்றாகிவிட்டது, நகர இடமில்லை. ஆயுதத்தைத் திருப்பித் தருவது மாதிரி, இருவருக்குமே விடை தெரியாத ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் முன்வைத்த கேள்வி இதற்கு ரொம்ப நல்லது: நீ பணக்காரனா ஏழையா, ஆணா பெண்ணா, எந்த மதம், உடம்பில் என்ன குறை, எதுவுமே உனக்குத் தெரியாது என்ற நிலையில் ஒரு சமூகத்துக்கு விதிகள் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவாய்? முதலில் அவர் எழுதட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். முதல் அடியை நீங்களே எடுத்து வையுங்கள், இருபது வருட நட்பு அதற்குத் தகுதியானதுதான்.

கேள்வி: மாக்கியவெல்லி கெட்டவரா?

பதில்: அவர் 1513 டிசம்பர் 10 அன்று தன் நண்பர் வெட்டோரிக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆட்சி மாறி, அங்கே அரசு அதிகாரியாக இருந்த அவருக்கு வேலை போயிற்று. அடுத்து சதி செய்ததாகச் சந்தேகத்தில் சிறை, கைகளைப் பின்னால் கட்டித் தூக்கி இறக்குகிற சித்திரவதை. விடுதலையானதும் கிராமத்தில் இருந்த சின்னப் பண்ணைக்குப் போய்விட்டார். பகலில் விடுதிக்காரர், கசாப்புக்காரர், மாவரைப்பவர் இவர்களோடு சீட்டாட்டம், காசுக்காகக் கத்தல். சாயங்காலம் வீடு திரும்பி, சேறு படிந்த உடையைக் கழற்றிவிட்டு அரசவைக்குப் போகிற உடையை அணிந்துகொண்டு படிப்பறைக்குள் போகிறார். பழங்காலத்து மனிதர்களோடு பேசுகிறார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார், அவர்களும் அன்போடு பதில் சொல்கிறார்களாம். நாலு மணி நேரம் வறுமையும் சாவுபயமும் மறந்துபோகிறது என்று எழுதுகிறார். அந்தப் பேச்சிலிருந்து கிடைத்ததைக் குறித்துவைத்துத்தான் 'இளவரசன்' என்ற சின்ன நூலை எழுதியிருப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

கொடுமை செய்வது எப்படி என்று அந்த நூலில் பாடம் இருக்கிறது, அதை மழுப்ப வேண்டாம். ஆனால் குடியரசை ஆதரித்து, மக்களின் தீர்ப்பு அரசனுடையதைவிட நிதானமானது என்று வாதாடுகிற இன்னொரு பெரிய நூலையும் அதே மனிதர்தான் எழுதினார். இரண்டும் அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அச்சில் வந்தன. ஒன்றை மட்டும் படித்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். எளிமையாகச் சொல்கிறேன் என்று எல்லாவற்றையும் மலிவாக்கிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். உங்கள் பகுதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, பாதி வழி உங்களோடு வருகிறேன். 18-ம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' என்ற நூல் எல்லோருக்கும் ஒரு வரியாகத்தான் தெரியும்: மனிதன் சுதந்திரமாகப் பிறந்தான், எங்கும் விலங்கிடப்பட்டுக் கிடக்கிறான். உடனே விலங்கை உடைக்கச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே பத்தியில் நாலு வரி தள்ளி, இந்த மாற்றம் எப்படி வந்தது என்று தெரியாது, எது இதை நியாயமானதாக ஆக்க முடியும் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன் என்கிறார். விலங்கை உடைப்பது பற்றிய புத்தகமே இல்லை அது, எந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்று தேடுகிற புத்தகம். முதல் வரியை மட்டும் சொன்னால் அது எளிமை இல்லை, தப்பு. ஹாப்ஸையும் இப்படித்தான் செய்கிறார்கள். வாழ்க்கை தனிமையானது, வறியது, அருவருப்பானது, மிருகத்தனமானது, குறுகியது என்று அவர் சொன்னது அரசே இல்லாத நிலையைப் பற்றி. பொதுவாக மனித வாழ்க்கையே அப்படி என்று சொன்னதாகப் போஸ்டர் போட்டுவிட்டார்கள்.

எளிமையாக்கும்போது ஆண்டுகளை விடலாம், கிளைவாதங்களை விடலாம், கலைச்சொற்களில் பாதியை விடலாம். கேள்வியை விடக்கூடாது, எதிராளியை விடக்கூடாது, அவர் தயங்குகிற இடத்தை விடக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் சாதாரணப் பேச்சுத் தமிழில் சொன்னாலும் கருத்து கெட்டுப்போகாது.

பத்திரிகை இதற்கு ஏற்ற இடமா என்றால், ஏற்ற இடம்தான். 1691-லேயே லண்டனில் ஜான் டன்டன் என்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு இதழ் நடத்தினார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1742-ல் எழுதிய ஒரு கட்டுரையில், கற்றவர்களின் நாட்டிலிருந்து உரையாடுபவர்களின் நாட்டுக்கு வந்த தூதன் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். படித்தவர்கள் பேச்சிலிருந்து விலகிப் போனதால் கெட்டது கல்விதான் என்பது அவர் கருத்து. அனுபவத்தைக் கேட்காமல், நாலு பேரோடு கலந்து பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் தத்துவம் வீணாகிவிட்டது என்கிறார். தூதருக்கு இரண்டு பக்கமும் போய் வருகிற வேலை உண்டு அல்லவா, உங்களைப் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வருகிற கேள்விகளும் அதே அளவு முக்கியம்.

கேள்வி: நீங்கள் சொல்கிற பெயர்கள் எல்லாம் ஐரோப்பிய ஆண்கள். தமிழ் படிக்கிற ஒரு பெண்ணாக எனக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். 1790 நவம்பர் மாத ஆரம்பத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதே மாதம் முடிவதற்குள் பெயர் போடாத ஒரு மறுப்பு வந்துவிட்டது, எழுதியவர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர். அடுத்த பதிப்பில் பெயரைப் போட்டார். இரண்டே ஆண்டில், மனித உரிமை பேசுகிற புரட்சிக்காரர்களே பெண்களை விட்டுவிட்டார்களே என்று அவர்கள் மேலும் திரும்பினார். பர்க்கைப் படிக்கும்போது பக்கத்திலேயே இவரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்புறம் நம் பக்கம். கையில் வேலோடு நின்று வழிமறித்துக் 'கொடு' என்று கேட்கிற கொள்ளைக்காரனும், செங்கோலோடு நின்று குடிகளிடம் கேட்கிற அரசனும் ஒன்றுதான் என்கிறது குறளில் கொடுங்கோன்மை அதிகாரம். கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு கதை சொல்கிறார்: அலெக்சாண்டரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன், ஒரு சின்னக் கப்பலோடு செய்வதால் என்னைத் திருடன் என்கிறார்கள், பெரிய கடற்படையோடு செய்வதால் உன்னைப் பேரரசன் என்கிறார்கள் என்றானாம். நீதி இல்லாவிட்டால் அரசுக்கும் கொள்ளைக்கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் இருவர் கேள்வியும். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு மாலை முழுக்கப் பேசலாம். வரி எப்போது நியாயம், எப்போது வழிப்பறி?

அம்பேத்கரை விட்டுவிட்டுச் சிந்தனை வரலாறு பேசவே முடியாது. 1936-ல் லாகூரில் பேசுவதற்காகச் சாதி ஒழிப்பு பற்றி ஒரு உரை எழுதினார், அழைத்தவர்கள் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கூட்டம் ரத்தானது. உரையைத் தன் செலவிலேயே அச்சிட்டார். காந்தி தன் ஹரிஜன் இதழில் மறுத்து எழுதினார். அடுத்த பதிப்பில் அம்பேத்கர் காந்தியின் மறுப்பையும் முழுக்கச் சேர்த்து, அதற்குத் தன் பதிலையும் சேர்த்து வெளியிட்டார். பெரியாரின் குடி அரசு இதழ் அந்த உரையைச் சீக்கிரமே தமிழில் கொண்டுவந்தது. எதிராளி சொன்னதை அப்படியே வாசகர் முன் வைத்து வாதாடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: சட்டம் தப்பாக இருந்தால் மீறலாமா அம்மா என்று எட்டாம் வகுப்புப் படிக்கிற மகன் கேட்கிறான். ஆமாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பதில்: அந்தத் தயக்கத்தையே அவனிடம் சொல்லுங்கள், முதலில் அதுதான் நேர்மை. பிறகு சாக்ரடீஸ் கதையை இரண்டு பாதியாகச் சொல்லுங்கள். முதல் பாதி: ஏதென்ஸை முப்பது பேர் கொண்ட கொடுங்கோல் குழு ஆண்டபோது, லியோன் என்ற குற்றமற்ற மனிதரைப் பிடித்துவரச் சொல்லி இவருக்கு உத்தரவு வந்தது. கூட அனுப்பப்பட்ட மற்றவர்கள் போனார்கள், இவர் நேராக வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாம் பாதி: கி.மு. 399-ல் அவருக்கே மரண தண்டனை. தப்பிக்க ஏற்பாடெல்லாம் செய்து கிரிட்டோ என்ற நண்பர் சிறைக்கு வருகிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். எழுபது வருடம் எங்களை ஏற்றுக்கொண்டு இங்கேயே வாழ்ந்தாய், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாமே, இப்போது ஓடுகிறாயா என்று நகரத்தின் சட்டங்களே வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்கிறார்.

இரண்டையும் செய்தது ஒரே மனிதர். முன்னதில் மீறினார், பின்னதில் மீறவில்லை. ஏன் என்று மகன் யோசிக்கட்டும். முதல் உத்தரவில் பாதிக்கப்படப்போவது இன்னொருவர், இரண்டாவதில் சாக்ரடீஸே என்று அவன் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். கொஞ்சம் வளர்ந்தபின் மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைக் கொடுங்கள். பொறுமையாக இரு என்று சொன்ன எட்டு மதகுருக்களுக்கு எழுதிய பதில் அது. அநியாயச் சட்டத்தை மீறுகிறவன் ஒளிந்துகொண்டு மீறக்கூடாது, வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கத் தயாராக மீறவேண்டும் என்று அதில் வாதாடுகிறார்.

அப்புறம் அவன் எந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டான் என்று நீங்கள் எழுதவில்லையே. பள்ளி விதியா, வீட்டு விதியா, செய்தியில் பார்த்ததா? அதைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவன் சொல்கிற காரணத்தோடு சேர்த்து அனுப்பினால் அடுத்த இதழில் அவனுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.